65 எழுத்து, ஒரு வரி

‘த பேஷண்ட் வாஸ் பிரெப்ட் அண்ட் டிரேப்ட் இன் த யூஷுவல் ஸ்டெரைல் ஃபேஷன்.’ அமெரிக்காவில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷன் நடந்தாலும், டாக்டர் பேசிப் பதிவு செய்யும் குறிப்பில் இந்த வாக்கியம் அநேகமாக வந்துவிடும். அறுக்க வேண்டிய இடத்தை மருந்து போட்டுத் துடைத்து, சுற்றிலும் கிருமி நீக்கிய துணியைப் போர்த்தினோம் என்பதுதான் விஷயம். இதை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். எழுத்து, இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 64 வரும். அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் விடும் இடைவெளியையும் சேர்த்தால் 65. டாக்டர் பேசியதைக் கேட்டுத் தட்டெழுதும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் 65 எழுத்து ஒரு வரி. வரிக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

நான் அதை ஐந்து தட்டில் முடித்துவிடுவேன். நாலு எழுத்து, அப்புறம் ஸ்பேஸ் பார். கூலி 65க்கு வரும்.

சுருக்கி எழுதுவது ஒன்றும் கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. சுருக்கினால் மிச்சமாவது யார் கணக்கில் போய்ச் சேர்கிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் ௵ என்று வருஷம், ௴ என்று மாதம், ௳ என்று தேதி. ‘மேற்படி’ வரும் இடத்திலெல்லாம் ௸. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. எழுதினவர் கூலி பத்திரத்துக்குத்தான், எழுத்துக்கு இல்லை. அதனால் மிச்சமானது அவருடைய கையும் மையும் முத்திரைத்தாளில் கொஞ்சம் இடமும். இந்தக் குறிகள் 2003இல் யூனிகோடுக்குள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் அவற்றைத் தடையில்லாமல் படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

தந்தியில் மிச்சம் அனுப்புகிறவருக்கு. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால், ‘அப்பா சீரியஸ் உடனே வா’ என்று நாலு சொல்லில் குடும்பத்தையே கிளப்பிவிடுவார்கள். கல்யாண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து என்றால் தபால் தந்தி இலாகா வாக்கியங்களை அச்சடித்து எண் போட்டே வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் போதும், மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது முழு வாழ்த்தாக விரிந்திருக்கும். 2013 ஜூலையில் தந்தி நிற்கும்வரை அந்த எண்கள் உயிரோடு இருந்தன. அமெரிக்காவில் 1879இலேயே வால்டர் பிலிப்ஸ் என்பவர் செய்தித் தந்திக்கென்று ஒரு சுருக்க அகராதி போட்டார். அனுப்புகிறவர் ‘ஸ்கோடஸ்’ என்று தட்டுவார். பெறுகிறவர் அதைக் காதால் வாங்கி, ‘சுப்ரீம் கோர்ட் ஆஃப் த யுனைடட் ஸ்டேட்ஸ்’ என்று முழுசாக எழுதுவார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாங்கள் செய்த வேலைக்கு அந்தத் தந்திக்காரர்தான் முப்பாட்டன்.

எங்கள் வீட்டில் சுருக்கெழுத்து வந்த வழி வேறு. அம்மா திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்த ஏ.என்.எம்., அதாவது கிராமத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர்.

காந்திகிராமம் 1947 அக்டோபர் 7 அன்று தொடங்கியது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், சின்ன வயதில் விதவையாகி, டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936இல் டாக்டரானவர். அவரும் அவர் மறுமணம் செய்துகொண்ட ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். சின்னாளபட்டியில் சிறிய பிரசவ மனையாக இருந்ததுதான் வளர்ந்து கஸ்தூர்பா மருத்துவமனை ஆனது. 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் சுகாதார முன்னோடித் திட்டம் ஒன்று வந்தது. 1964இல் அது கிராம சுகாதாரத்துக்கும் குடும்ப நலத்துக்குமான நிறுவனமாகியது. வீடு வீடாகப் போய் யாருக்கு எத்தனை பிள்ளை, எது தங்கியது, எது தவறியது என்று எழுதி வைத்த வட்டாரம் இது. அந்த நோட்டுகளில் முழு வாக்கியம் ஒன்றைப் பார்க்க முடியாது. ‘ஜி3 பி2 எல்1’ என்றால் மூன்றாவது கர்ப்பம், இரண்டு பிரசவம், உயிரோடு ஒரு பிள்ளை. ‘எஃப்.டி.என்.டி.’ என்றால் மாதம் நிறைந்த சுகப்பிரசவம். ‘எல்.எம்.பி.’ கடைசித் தீட்டு. ஒரு பெண்ணின் பத்து வருஷத்து வாழ்க்கை அரை வரியில் அடங்கிவிடும். இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு பிள்ளை இல்லாமல் போனதை அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் வேலைக்குப் போய், தட்டியது விரிகிற மாயத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டியபோது அம்மாவுக்கு அது வேடிக்கையாக இல்லை. “நாங்க சுருக்கி எழுதுனா பொழுதோட வீட்டுக்கு வரலாம், அம்புட்டுதான். நீ சுருக்கி எழுதுனா காசு கூட வருதாக்கும்? எவன்டி குடுக்குறான்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி.

1990களின் நடுவில் பெங்களூரில் ஹெல்த்ஸ்கிரைப் மாதிரி நிறுவனங்கள் இந்த வேலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. நியூயார்க் டாக்டர் சாயங்காலம் பேசி வைத்துவிட்டுப் போனால் நமக்கு விடிகாலை. அவர் மறுநாள் வருவதற்குள் தட்டி அனுப்பிவிடலாம். இரண்டாயிரம் பிறக்கும்போது இந்தத் தொழில் மதுரை, திண்டுக்கல் வரை இறங்கிவிட்டது. வளையல் கடைக்கு மேல் மாடி, ஏ.சி., பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், வாசலில் அமெரிக்கக் கொடி போட்ட போர்டு. பயிற்சிக் கட்டணம் வாங்கிவிட்டு வருஷம் முடிவதற்குள் பூட்டிக்கொண்டு போன மாடிகளும் நிறைய. நான் 2001இல் சேர்ந்தது பூட்டாத மாடி.

கை தயாராக இருந்தது. சின்னாளபட்டியில் பிளஸ் டூ முடித்த பெண் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடிக்காமல் இருக்க மாட்டாள். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு. ஆக ஹையர் முடித்தவள் கையில் நிமிஷத்துக்கு 225 தட்டு இருக்கிறது, மூன்றரை வரிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது பார்த்து அடிக்கும் வேகம். கேட்டு அடிக்கும்போது அது நடக்காது. டாக்டர் சாண்ட்விச் தின்றுகொண்டே பேசுவார், லிஃப்டில் நின்று பேசுவார், பின்னால் குழந்தை அழும். கால் பெடலை அழுத்திப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிக் கேட்டால் வேகம் பாதியாகிவிடும். நடுநடுவே நம் ஊர்க்காரர் ஒருவர் ஓஹையோவிலிருந்து பேசுவார். வெள்ளைக்கார எடிட்டர்கள் கைவிட்ட ஃபைல் அது. எங்களுக்கு அல்வா.

வேகத்தை மீட்டது வேர்டில் இருந்த ஆட்டோகரெக்ட். அதன் பிறப்பு சுவாரசியமானது. மைக்ரோசாஃப்டில் டீன் ஹாகமோவிச் என்பவர், ‘த’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி அடித்துவிட்டால் ஒரு விசையைத் தட்டியதும் திருந்தும்படி செய்து பார்த்தார். அப்புறம், தனி விசை எதற்கு, சொல் முடிந்ததும் எப்படியும் ஸ்பேஸ் பார் தட்டத்தானே போகிறோம், அப்போதே திருந்தட்டும் என்று யோசித்தார். 1993இல் வேர்ட் 6இல் அது வந்தது. தப்பைத் திருத்த வந்த கருவி. நாங்கள் அதில் எங்கள் சுருக்கங்களையே தப்பு என்று சொல்லி வேண்டுமென்றே ஏற்றினோம். ஒரு தப்புக்குப் பதில் 255 எழுத்துவரை வைக்கலாம். அதற்கு மேல் நீளமான பத்தி என்றால் ஆட்டோடெக்ஸ்டில் வைத்து எஃப்3 தட்ட வேண்டும்.

காசுள்ள நிறுவனங்களில் இன்ஸ்டன்ட் டெக்ஸ்ட் இருந்தது. முன்பு அடித்த குறிப்புகளைக் கொடுத்தால் அதுவே தொடர்களை எடுத்துப் பட்டியல் போட்டுக்கொள்ளும், சொற்களின் முதலெழுத்துகளைத் தட்டினால் வாக்கியத்தை நீட்டும். அதைச் செய்தவர் ழான் இக்பியா. அமெரிக்க ராணுவத்துக்காக ‘ஏடா’ என்ற நிரல்மொழியை வடிவமைத்த பிரெஞ்சுக்காரர்! ஏவுகணைக்கும் விமானத்துக்கும் மொழி செய்து கொடுத்த மனுஷன், பிறகு உட்கார்ந்து டைப்பிஸ்டுகளின் விரல் நோவைப் பற்றி யோசித்திருக்கிறார். 2007இல் இறந்துபோனார். கம்ப்யூட்டர் உலகம் அவரை ஏடாவுக்காக நினைவு வைத்திருக்கிறது. எங்கள் வகையறாவுக்கு அவர் வேறு ஆள்.

சுருக்கப் பட்டியல் போடுவதில் ஒரே ஒரு சட்டம்: சுருக்கம் உண்மையான ஆங்கிலச் சொல்லாக இருக்கக் கூடாது. புதுசாக வருகிறவள் ‘அயோர்டிக் ஸ்டெனோசிஸ்’ என்பதற்கு ‘ஏ.எஸ்.’ என்று வைப்பாள். அப்புறம் அவள் ‘ஆஸ்’ என்று அடிக்கும் இடத்திலெல்லாம் நோயாளியின் இதய வால்வு சுருங்கிக்கொண்டே போகும். இதற்கு ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் வைத்தியம், முன்னால் க்யூ அல்லது இசட் சேர்ப்பது. எங்கள் மாடியில் கிடைத்த வைத்தியம் தமிழ். ஆங்கில விசைப்பலகையில் ‘மூச்சு’ என்று அடித்தால் ‘ஷார்ட்னஸ் ஆஃப் பிரெத்’. ‘தலை’ என்று அடித்தால் தலைவலி வாக்கியம். ‘நெஞ்சு’ என்றால் நெஞ்சுவலி இல்லை, படபடப்பு இல்லை என்ற முழு மறுப்பு. எந்த ஆங்கிலச் சொல்லோடும் மோதாது, மனப்பாடமும் செய்ய வேண்டாம். ‘கண்’ என்று மூன்று எழுத்துத் தட்டினால், கண்மணிகள் சமமாக, வட்டமாக, வெளிச்சத்துக்கும் தூரத்துக்கும் ஒழுங்காக அசைகின்றன என்ற வாக்கியம் வந்து விழும். அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘ஈக்வல்’, ‘ரவுண்ட்’ இரண்டுக்கும் பின்னால் கமா வைத்தால் முற்றுப்புள்ளியோடு சரியாக 65.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ‘ஹைப்போ’ வரவேண்டிய இடத்தில் ‘ஹைப்பர்’ விரிந்தால் தாழ் ரத்த அழுத்தம் உயர் ரத்த அழுத்தமாகிவிடும். ‘இலியம்’ ஓரெழுத்து மாறினால் குடல், இடுப்பெலும்பு ஆகிவிடும். எல்லாம் நார்மல் என்ற பத்தியை ஒரே தட்டில் விரித்துவிட்டு, டாக்டர் நடுவில் முணுமுணுத்த ‘இடது பக்கம் மட்டும் கொஞ்சம்’ என்பதைக் கேட்காமல் விடுவது இன்னும் மோசம். அதனால்தான் மாடியில் க்யூ.ஏ. என்று ஒரு அக்கா உட்கார்ந்து அடித்ததையெல்லாம் கேட்டுச் சரிபார்ப்பார். துல்லியம் 98 சதவீதத்துக்குக் கீழே போனால் வரியை வெட்டுவார்.

ஆனால் விசையில் இருக்கும் சுருக்கமும் தாளில் இருக்கும் சுருக்கமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் எழுதக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்சுலின் அளவுக்குப் பின்னால் ‘யூ’ என்று எழுதினால் அது பூஜ்யமாகத் தெரிந்து, பத்து யூனிட் நூறாகிவிடும். ‘க்யூ.டி.’ என்றால் தினமும். கொஞ்சம் கிறுக்கினால் நாளுக்கு நாலு வேளை. இனி முழுசாக எழுது என்றார்கள். எங்களுக்குச் சிரமமே இல்லை. நாங்கள் தட்டியது ‘யூ’தான், தாளில் விழுந்தது ‘யூனிட்ஸ்’. நிறுவனத்துக்கு நல்ல பெயர், எங்களுக்குத் தட்டாத நாலு எழுத்துக்கும் கூலி.

அம்மா கேட்ட ‘எவன்டி குடுக்குறான்’ இங்கேதான் வருகிறது. சின்னாளபட்டித் தறியில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் வேகமாக நெய்தால் அந்த வேகம் அவருடையது. ஊரே வேகமாக நெய்தால் அடுத்த கூலிப் பேச்சில் அந்த வேகம் முதலாளியுடையது. எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. முதல் வருஷங்களில் நீளமான பட்டியல் உள்ளவள் மற்றவளைவிட ஒன்றரை மடங்கு வரி எடுப்பாள். எல்லாரும் பட்டியல் போட்டுப் பழகியதும் வரிக்கூலி இறங்கியது, தினசரி இலக்கு ஏறியது.

அந்த வரியை யார் எப்படி எண்ணுவது என்பதிலேயே கடலுக்கு அப்பால் பெரிய சண்டை நடந்தது. 65 எழுத்து வரி என்பது 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில் சங்கங்கள் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. தடித்த எழுத்துக்குப் போடும் கட்டளையை ஒரு எழுத்தாக எண்ணுவதா வேண்டாமா என்பது போன்ற சந்துகள் அதில் நிறைய. 2004இல் மெட்க்விஸ்ட் என்ற பெரிய நிறுவனத்தின்மேல், வரிக்கணக்கைக் கூட்டிக் காட்டி ஆஸ்பத்திரிகளிடம் பில் போட்டது என்று வழக்குகள் வந்தன. தட்டெழுதியவர்களும் தங்களுக்குக் குறைத்து எண்ணினார்கள் என்று தனியே வழக்குப் போட்டார்கள். அமெரிக்க அரசோடு 2008இல் 66 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முன்பே, 2003 அக்டோபரில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் குறிப்புகள் கைமாறிக் கைமாறி ஃபுளோரிடா, டெக்சாஸ் வழியாகக் கராச்சி வரை போயிருந்தது வெளியே தெரிந்தது. கூலி வரவில்லை, நோயாளிகளின் குறிப்பை நெட்டில் போட்டுவிடுவேன் என்று அங்கே தட்டெழுதிய பெண் ஆஸ்பத்திரிக்கே மெயில் அனுப்பிவிட்டார். அவர் செய்தது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு கையிலும் வரிக்கூலி எவ்வளவு தேய்ந்து அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் எங்கள் மாடியில் எல்லாரும் பேசினோம்.

அதன்பிறகு கெடுபிடி கூடியது. பேனா கூடாது, செல்போன் கூடாது, ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டார்கள். நோயாளியின் ரகசியம் காக்க என்றால் சரிதான். கூடவே ஒன்று போனது. ஆட்டோகரெக்ட் பட்டியல் முழுவதும் கம்ப்யூட்டருக்குள் சின்னதாக ஒரு ஃபைலாக இருக்கும். எம்.எஸ்.ஓ.1033 என்று பெயர். அதுவரை வேலை மாறுகிற பெண் அதை ஃப்ளாப்பியில் போட்டுக் கையோடு எடுத்துப் போவாள், புதிதாக வருகிற தங்கச்சிக்கு ஒரு பிரதி கொடுப்பாள். இனி அது கம்பெனி சொத்து என்றார்கள். நான் விலகியபோது என் பட்டியல் அங்கேயே நின்றுவிட்டது. நோயாளி யாருடைய பெயரும் அதில் கிடையாது. மூச்சு, தலை, நெஞ்சு, கண், அவ்வளவுதான். கொத்தனாரிடம் கரண்டியை வைத்துவிட்டுப் போ என்று யாராவது சொல்வார்களா?

வீட்டிலிருந்து செய்த காலம் அதற்கு அப்புறம். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 2005இல் வந்து, இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் தெருவரைக்கும் எட்டியது. மறுபடி முதலிலிருந்து பட்டியல். 2012 மின்வெட்டு மறக்க முடியாதது. இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்ப வேண்டிய அவசர ஃபைல் கையில் இருக்கும், இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். சுருக்கத்தின் அருமை அப்போது வேறு மாதிரித் தெரிந்தது: பேட்டரி தீர்வதற்குள் எத்தனை வரி.

தொழிலை முடித்தது மின்வெட்டு இல்லை. 1997இல் வந்திருந்த டிராகன் என்ற பேச்சறி மென்பொருள் அடித்த தப்புகளைப் படித்து முதலில் சிரித்தோம். அது வந்து பத்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரிகளின் சர்வரிலேயே அந்த வேலை நடக்க ஆரம்பித்தது. டாக்டர் பேசுவதை இயந்திரம் எழுதிவிடும், நாங்கள் கேட்டுத் திருத்த வேண்டும். ‘எடிட்டிங்’ என்று பெயர், வரிக்குப் பாதிக் கூலி. திருத்துவதற்கு ஆட்டோகரெக்ட் ஒன்றுக்கும் உதவாது. அங்கே ஒரு கமா, இங்கே ஒரு ‘நாட்’ என்று கர்சரை நகர்த்துவதே வேலை. இன்னொன்றும் உண்டு. நாங்கள் திருத்தி அனுப்பிய குறிப்பை வைத்துத்தான் அந்த இயந்திரம் அந்த டாக்டரின் பேச்சைக் கற்றுக்கொண்டது. அதற்கு வரிக்கணக்கு யாரும் போடவில்லை. 2009இல் வந்த ஒரு சட்டத்தால் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் மின்பதிவேட்டுக்கு மாற, டாக்டர்களே டிக் அடித்துக் குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். டிராகனை வைத்திருந்த நியூவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022இல் ஏறத்தாழ 1,970 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இப்போது டாக்டரும் நோயாளியும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு மென்பொருளே குறிப்பு எழுதுகிறது.

என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் மெடிக்கல் கோடிங்குக்குப் போனார்கள். நானும்தான். இது நேர்மாறான வேலை. பத்துப் பக்கக் குறிப்பைப் படித்து நாலைந்து எண்ணாகச் சுருக்க வேண்டும். வேறு சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு ஈ11.9. மாதம் நிறைந்து சிக்கலில்லாமல் நடந்த சுகப்பிரசவத்துக்கு ஓ80. அம்மாவிடம் சொன்னபோது, “நாங்க எஃப்.டி.என்.டி.ன்னு போடுவோம், அது எதுக்கு நம்பரு?” என்றாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க என்றேன். தலையாட்டினாள். இந்தத் தடவை யார் கொடுக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கூலி சார்ட்டுக்கு இவ்வளவு. மூன்று பக்கச் சார்ட்டானாலும் முப்பது பக்கமானாலும் ஒன்றுதான். மின்பதிவேட்டில் ஒரு விசையைத் தட்டினால் நார்மல் பத்திகள் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்வதால் சார்ட்டுகள் கன்னாபின்னாவென்று நீண்டுவிட்டன. போன வாரத்துக் குறிப்பே இந்த வாரமும் அப்படியே வரும். கண்மணி வாக்கியம் ஒரே நோயாளிக்கு ஆறு இடத்தில் கிடக்கும். அது கண்ணில் பட்டால் படிக்காமல் கீழே உருட்டிவிடுவேன். அதற்கு எண் எதுவும் போட வேண்டியதில்லை.